1939-இல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி செயின்ட் லூயிஸ் கப்பலில் வந்த யூதர்களைக் கியூபா, அமெரிக்கா, கனடா மூன்றும் ஏன் ஏற்கவில்லை?

சட்டத்தைக் காரணம் காட்டித்தான் திருப்பி அனுப்பினார்கள். மே 13 அன்று ஹாம்பர்க்கிலிருந்து 937 பேருடன் கப்பல் கிளம்பியது. பெரும்பாலோர் கியூபாவில் இறங்க அனுமதிச் சீட்டு வைத்திருந்தார்கள். ஆனால், கப்பல் புறப்படும் முன்பே கியூப அரசு அந்தச் சீட்டுகளைச் செல்லாதவை ஆக்கிவிட்டது. ஹவானாவில் இறங்க முடிந்தது 28 பேருக்கு மட்டுமே.

சரி, அமெரிக்கா? மயாமியின் விளக்குகள் கண்ணில் படும் தூரம் வரை கப்பல் போனது. ஜெர்மானியருக்கான ஆண்டுக் குடியேற்ற ஒதுக்கீடு நிரம்பிவிட்டது, வரிசையில் காத்திருங்கள் என்பதே பதில். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களிடம் சொல்லும் பதிலா இது? கனடாவும் மறுத்தது.

அப்புறம் கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நான்கும் அவர்களைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டே கடைசி மூன்றும் ஹிட்லர் படையிடம் வீழ்ந்தன. திரும்பியவர்களில் 254 பேர் யூத இனப்படுகொலையில் இறந்தார்கள். கனடா 2018-இல் மன்னிப்புக் கேட்டது.