பார்ட்டிஷன் 63-வது செக்டரில் தொடங்குகிறதா?

கேள்வி: விண்டோஸ் சர்வர் 2003 ஓடிய பழைய சர்வர்களை அப்படியே விஎம்வேருக்கு (ஒரே கணினியில் பல விர்ச்சுவல் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) மாற்றினோம். சிலவற்றை 2008-க்கு அப்கிரேடும் செய்தாயிற்று. டிஸ்க் மெதுவாக இருக்கிறது. பார்ட்டிஷன் அலைன்மென்ட் (டிஸ்க் பிரிவின் தொடக்கம் ஸ்டோரேஜின் பிளாக் எல்லையோடு பொருந்துவது) காரணமா?

பதில்: இருக்கலாம், முதலில் பார்த்துவிடுங்கள். 2003 வரையிலான விண்டோஸ், முதல் பார்ட்டிஷனை 63-வது செக்டரில் (ஒரு செக்டர் 512 பைட்), அதாவது 32,256-வது பைட்டில் தொடங்கும். 2008 முதல் அது 1 எம்பி, அதாவது 10,48,576 பைட். ஆனால் அப்கிரேடு செய்தாலும், விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஆக மாற்றினாலும் பழைய தொடக்கம் நகராது. எனவே 2008 என்ற பெயரை நம்பாமல் ஒவ்வொரு விஎம்மையும் பாருங்கள்.

விண்டோஸின் கணினித் தகவல் கருவியான எம்எஸ்இன்ஃபோ32-ஐத் திறந்து, ஸ்டோரேஜின் கீழ் டிஸ்க்ஸ் பகுதியில் 'பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்' எண்ணை எடுங்கள். அதை 4,096-ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது. 65,536-ஆலும் மீதியின்றி வகுபட்டால் இன்னும் நல்லது. 32,256-ஐ 4,096-ஆல் வகுத்தால் 7.875. டைனமிக் டிஸ்க்கில் (சாதாரண பார்ட்டிஷனுக்குப் பதில் விண்டோஸ் வால்யூம்கள் உள்ள டிஸ்க்) மட்டும் இந்த எண்ணை நம்பாதீர்கள். லினக்ஸில் எஃப்டிஸ்க் கட்டளை காட்டும் பட்டியலில் தொடக்க செக்டர் 8-ஆல் வகுபட வேண்டும்.

பாதிப்பு எவ்வளவு என்பது ஸ்டோரேஜைப் பொறுத்தது. அது 4 கேபி பிளாக்குகளாக எழுதுவதென்றால், விண்டோஸின் ஒவ்வொரு 4 கேபி கிளஸ்டரும் (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகு) இரண்டு பிளாக்குகளில் விழும்: 512 பைட் ஒன்றில், 3,584 பைட் அடுத்ததில். ஒரு கிளஸ்டரை எழுத இரண்டு பிளாக்குகளைப் படித்துத் திருத்தி எழுத நேரும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டில், ஒரு டிஸ்க்கில் எழுதும் துண்டு (ஸ்ட்ரைப்) 64 கேபி என்றால், 16 கிளஸ்டருக்கு ஒன்றுதான் எல்லை தாண்டும். அங்கே மந்தத்துக்கு வேறு காரணமும் தேடுங்கள்.

டேட்டா டிஸ்க்கைச் சரிசெய்வது எளிது. புதிய விர்ச்சுவல் டிஸ்க் சேருங்கள். 2003 என்றால் டிஸ்க்பார்ட் கட்டளையில் அலைன் மதிப்பை 1024 (கேபி) என்று கொடுத்துப் பார்ட்டிஷன் உருவாக்குங்கள்; 2008-இல் அது தேவையில்லை. டேட்டாபேஸ் சர்வீஸை நிறுத்திவிட்டு ரோபோகாப்பி கட்டளையால் பெர்மிஷன்களோடு நகலெடுத்து, டிரைவ் எழுத்தை மாற்றிவிடுங்கள்.

சி டிரைவ்தான் சிக்கல். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியைக் கொண்டு நகர்த்தலாம். ஆனால் அதற்கு முன் முழு பேக்கப் எடுத்து, ஸ்னாப்ஷாட்டுகளை (விஎம்மின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்தவை) நீக்கி, விஎம்மை அணைத்துவிட வேண்டும். பார்ட்டிஷன் முழுதும் மாற்றி எழுதப்படுவதால், ஸ்னாப்ஷாட் இருந்தால் மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் டெல்டா கோப்பு டிஸ்க் அளவுக்கே ஊதிவிடும். எழுதிய அளவுக்கு மட்டும் இடம் எடுக்கும் தின் டிஸ்க்கும் பெருத்துவிடும். முடிந்தபின் விண்டோஸ் பூட் ஆகாமலும் போகலாம் என்பதால் இன்ஸ்டால் டிஸ்க்கைக் கையில் வைத்திருங்கள். டேட்டா தனி டிஸ்க்கில் இருந்தால், அதைச் சரிசெய்து பேஜ் ஃபைலையும் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) அங்கே மாற்றிவிட்டு, சி டிரைவைத் தொடாமல் விடுவதே எங்கள் பரிந்துரை.