போட்டி பஸ்ஸின் பர்மிட்டை ரத்து செய்ய வைக்க முடியுமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரே ஒரு தனியார் பஸ் ஓட்டி வருகிறேன். காலை 8.15 நடைதான் எனக்குச் சோறு போடுகிறது. நான்கு பஸ் வைத்திருக்கும் இன்னொரு உரிமையாளர் அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே புது பர்மிட் வாங்கி, 8.10-க்கு டைமிங் பெற்றிருக்கிறார். ஆனால் 8.14 வரை எஞ்சினை ஓட விட்டபடி நின்று, என் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறார். டிக்கெட்டிலும் மூன்று ரூபாய் குறைக்கிறார். எங்கள் சங்கத்தில், எல்லோரும் ஒரே கட்டணம் வாங்குவதாகவும் நடைகளைப் பிரித்துக்கொள்வதாகவும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கண்டக்டர்கள் இரண்டு முறை கைகலப்புக்குப் போய்விட்டார்கள். அவருடைய பர்மிட்டை ரத்து செய்ய வழி உண்டா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஒற்றை பஸ் உரிமையாளருக்கு ஒரு நடை கலெக்‌ஷன் போனால் அந்த மாதத் தவணையே தள்ளாடும். ஆனாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அவர் வந்ததால் என் வருமானம் குறைந்துவிட்டது, ஆகவே அவர் பர்மிட் செல்லாது" என்று நீங்கள் போடும் வழக்கு நிற்காது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு, பர்மிட் கேட்டு வரும் விண்ணப்பத்தைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்கிறது. 1939-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், அந்தத் தடத்தில் ஏற்கெனவே ஓட்டுபவர்கள் ஆட்சேபம் சொல்லி வருடக்கணக்கில் இழுத்தடிக்க முடிந்தது. புதிய சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பஸ் உரிமையாளர்கள் இதை எதிர்த்துப் போன மித்திலேஷ் கார்க் வழக்கில், போட்டி கூடுவதால் யாருடைய தொழில் உரிமையும் பறிபோவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு "ரூட்டில் ஏற்கெனவே பஸ் அதிகம்" என்ற வாதத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை.

பர்மிட்டையே ஆட்டம் காண வைக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு. அந்தத் தடமோ அதன் ஒரு பகுதியோ, சட்டத்தின் ஆறாவது அத்தியாயத்தின்படி அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கென்று ஒதுக்கி அறிவிக்கப்பட்டிருந்தால், அந்த ஒதுக்கீட்டுத் திட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் தனியார் பஸ் அங்கே ஓட முடியாது. தடம் கொஞ்ச தூரம் மேற்படிந்தாலும் தடை உண்டு என்று ஆதர்ஷ் டிராவல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் பஸ்ஸும் அதே சாலையில்தான் ஓடுகிறது. உங்கள் பர்மிட் எந்த விதிவிலக்கில் நிற்கிறது என்று பார்க்காமல் இந்த வாதத்தை எடுக்காதீர்கள்.

சரி, டைமிங்குக்கு வருவோம். உங்கள் வழக்கு இங்கேதான் இருக்கிறது. புதிதாக ஒருவர் வருவதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் வந்தவர் தன் பர்மிட்டில் எழுதியபடி ஓட வேண்டும் என்று கேட்க முழு உரிமை உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணை பர்மிட்டின் நிபந்தனை. 8.10 என்று இருந்தால் 8.10-க்கு வண்டி நகர வேண்டும். அந்த நான்கு நிமிடம் பஸ் நிலையத்துக்குள் சின்ன விஷயமாகத் தெரியும். வழியில் இருக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உங்களுக்காக நிற்கும் கூட்டத்தை அவர் ஒரு நிமிடம் முன்னால் போய் வாரிக்கொண்டால், உங்கள் பஸ் காலி சீட்டோடு பின்னால் போகும். அதிகாரியிடம் இதை இப்படியே விளக்குங்கள். "தொல்லை கொடுக்கிறார்" என்று மொத்தமாகச் சொன்னால் மனு கோப்பில் தூங்கிவிடும்.

அதற்கு ஆதாரம் வேண்டும். முதலில் அவருடைய பர்மிட், டைம் ஷீட், கட்டண அட்டவணை மூன்றுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அப்புறம் உங்கள் கண்டக்டரிடம், ஒரு நோட்டில் தினமும் அவர் பஸ் எண், கிளம்பிய நேரம், அப்போது உங்கள் பஸ் நின்ற இடம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். டைம் கீப்பர் பதிவேடு இருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். செல்போனில் எடுத்த வீடியோவை நீதிமன்றத்தில் காட்ட, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதனால் எடுத்த போனைத் தொலைத்துவிடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். அவருடைய பஸ் 2019 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பதிவான வண்டியாக இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதி 125-எச் படி அதில் இருப்பிடம் காட்டும் கருவி இருக்க வேண்டும். அந்தத் தரவை வரவழைக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். உங்கள் நோட்டை விட அது பத்து மடங்கு பேசும்.

இவற்றை வைத்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் 86-ஆவது பிரிவின்படி நடவடிக்கை கோரி வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதுங்கள். நிபந்தனை மீறினால் பர்மிட்டை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அந்தப் பிரிவில் அதிகாரம் உண்டு. ஆனால் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே செய்ய முடியும். நிறுத்தி வைப்பதற்குப் பதில் பணம் கட்டச் சொல்லி முடிக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. முதல் தடவையே ரத்து ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுத்தில் பதிவாவதுதான் முக்கியம். தடம் மாறி ஓடியதற்கோ அனுமதியில்லாத நடை ஓட்டியதற்கோ பன்னிரண்டு மாதத்தில் இரண்டு முறை தண்டனை பெற்றவரின் பர்மிட் புதுப்பிப்பை 81-ஆவது பிரிவின்படி மறுக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அவர் அந்த வாசலுக்கு வந்தாக வேண்டும். (நீங்களும்தான். நடைகளைச் சரியாக ஓட்டுங்கள்.)

அவருக்கு 8.10 ஒதுக்கிய உத்தரவையும் கவனமாகப் படியுங்கள். டைமிங் முடிவு செய்த கூட்டத்துக்கு உங்களுக்கு அறிவிப்பு வந்ததா? வராமல் உங்கள் முகத்துக்கு நேராக ஐந்து நிமிட இடைவெளியில் நேரம் கொடுத்திருந்தால், உங்கள் தரப்பைக் கேட்கவில்லை என்பது வலுவான காரணம். மேல்முறையீடு இல்லாத உத்தரவை எதிர்த்து மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 90-ஆவது பிரிவின்படி சீராய்வு மனு போடலாம். உத்தரவுத் தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு. அது கடந்திருந்தால், டைமிங்கைத் திருத்தக் கோரி ஆணையத்துக்கு மனு கொடுத்து, பதில் வராவிட்டால் மனுவை முடிவு செய்ய உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். நீதிமன்றமே நேரத்தை மாற்றித் தராது. முடிவெடுக்கக் கெடு வைக்கும். பல நேரம் அதுவே போதும்.

மூன்று ரூபாய் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அரசு 67-ஆவது பிரிவின்படி கட்டணத்தை நிர்ணயிக்கிறது. உச்ச வரம்பு, கீழ் வரம்பு இரண்டையும் வைக்க அதற்கு அதிகாரம் உண்டு. அரசாணை உச்ச வரம்பு மட்டும் வைத்திருந்தால் குறைத்து வாங்குவது குற்றமல்ல. இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று இருந்தால் குறைப்பதும் மீறல்தான். இன்னொன்று: அவருடைய பஸ் வேறு ஊர் வழியாகப் போகிறதா? கிலோமீட்டர் குறைந்தால் அவருக்கு அங்கீகரித்த கட்டணமே குறைவாக இருக்கும். அட்டவணையை ஸ்டேஜ் ஸ்டேஜாக ஒப்பிட்டுப் பாருங்கள். உரிய கட்டணத்துக்குக் குறைவான மதிப்பில் டிக்கெட் கொடுப்பதும், காசு வாங்கி டிக்கெட்டே கொடுக்காததும் 178-ஆவது பிரிவின்படி கண்டக்டருக்கு 500 ரூபாய் வரை அபராதம் வரக்கூடிய குற்றங்கள். நட்டத்துக்கு ஓட்டி உங்களை விரட்டுகிறார் என்று போட்டிச் சட்டத்தில் புகார் செய்ய, அவர் அந்தச் சந்தையில் ஆதிக்கம் செலுத்துபவர் என்று நிரூபிக்க வேண்டும். நான்கு பஸ்ஸை வைத்து அதை நிரூபிப்பது கடினம். அதில் பணத்தைப் போட வேண்டாம்.

அதே சட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பும் இடம்தான் எனக்குக் கவலை. சங்கம் நீட்டும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதும் சந்தையைப் பங்கு போடுவதும் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுக்குள் வரும். சங்கத்தின் பெயரில் செய்தாலும் தப்ப முடியாது. கார்ட்டல் (போட்டியாளர்களின் கள்ளக் கூட்டு) என்று முடிவானால், அது நடந்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தைப் போல மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். கட்டணத்தை உயர்த்தச் சொல்லி அரசுக்குக் கூட்டாக மனு கொடுங்கள், தவறில்லை. நேரங்களைச் சீராக்க ஒரு யோசனை இருந்தால் அதை ஆணையத்தின் முன் வையுங்கள். அங்கே அங்கீகாரம் பெற்ற அட்டவணைக்குத்தான் சட்டத்தில் மதிப்பு.

உங்கள் கண்டக்டரையும் டிரைவரையும் இன்றே உட்கார வைத்துப் பேசுங்கள். எதிர் பஸ்ஸை மறிப்பது, முந்திப் போய் குறுக்கே நிறுத்துவது எதுவும் கூடாது. ஒரு எஃப்.ஐ.ஆர். பதிவானால், அவருடைய நான்கு நிமிடத்தை விட்டுவிட்டு அதிகாரிகள் உங்களைத்தான் விசாரிப்பார்கள். பயணிகள் நிறைந்த பஸ்ஸை ரேஸ் விட்டால் ஆபத்தாக வண்டி ஓட்டுவதற்கான மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு காத்திருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. நேரத்தை நோட்டில் எழுதுவது மட்டும்தான் அவர்கள் வேலை.

டைமிங் உத்தரவின் நகலை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். அதன் தேதியைப் பார்த்துத்தான் தீர்ப்பாயமா, ஆணையமா என்று முடிவு செய்ய முடியும்.