உட்கார வைக்கும் அன்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 49 வயது, அப்பாவுக்கு 79. அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். உலகம் முழுக்க முதியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்று படிக்கும்போது பயமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய சுமையை ஒரு சமூகம் எப்படித் தாங்கும்? ஓய்வு பெறும் வயதை உயர்த்துவதா, ஓய்வூதியத்தைக் கூட்டுவதா, முதியோர் இல்லங்களைப் பெருக்குவதா, இல்லை ரோபோக்கள் வந்து பார்த்துக்கொள்ளுமா? என் அளவில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு காலத்தில் மின்விசிறி, சைக்கிள் என்று எல்லாவற்றையும் அப்பாவே கழற்றி மாட்டுவார். இப்போது அவருடைய கருவிப்பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட எழுந்திருக்க விடுவதில்லை. ராஜா மாதிரி வைத்திருக்கிறேன். ஆனால் எல்லா வீட்டிலும் இது முடியாதே. சமூகம் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

வந்த கடிதங்களில் உங்களுடையதை முதலில் எடுத்ததற்குக் காரணம் அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான். சில மாதங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுவே. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் 'சுமை' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். 2050-இல் உலகில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 210 கோடிப் பேர் இருப்பார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் நீங்களும் ஒருவர். இன்று நீங்கள் சுமை என்று எழுதும் இடத்தில்தான் அன்று உட்கார்ந்திருப்பீர்கள். குழந்தைச் சாவுகளைக் குறைத்து, தடுப்பூசி போட்டு, நல்ல தண்ணீர் கொடுத்து, மனிதன் நெடுநாள் வாழ வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டோம். பலித்திருக்கிறது. பலித்ததைப் பார்த்துச் சுமை என்று சொல்லாதீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

பயப்பட ஒரு நியாயம் இருக்கிறது, அது வேகம். பிரான்ஸில் 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர 115 ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் அதே மாற்றம் 24 ஆண்டுகளில் நடந்தது, தென்கொரியாவில் 18 ஆண்டுகளில். பழைய நாடுகள் நான்கைந்து தலைமுறைகளில் மெல்லக் கற்றுக்கொண்டதை மற்றவர்கள் ஒரே தலைமுறையில் கற்றாக வேண்டும்.

ஓய்வு வயது பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1889-இல், பிஸ்மார்க் ஆட்சித் தலைவராக இருந்த ஜெர்மனி முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது வயது 70. அதை 65 ஆக்கியது 1916-இல். மனிதர்கள் போட்ட எண், மனிதர்கள் மாற்றலாம். மூட்டை தூக்கியவரின் 60-ம் மேசையில் இருந்தவரின் 60-ம் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்காமல் மாற்ற வேண்டும். ரோபோவை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஆளைத் தூக்கி உட்கார வைக்க ஓர் இயந்திரம் வந்தால் பராமரிப்பவரின் முதுகு பிழைக்கும். வரட்டும்.

பணம் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. ஜெர்மனியில் 1995 முதலும் ஜப்பானில் 2000 முதலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. ஜப்பானில் 40 வயதிலேயே சந்தா கட்டத் தொடங்கிவிட வேண்டும். ஜெர்மன் முறையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. வீட்டில் இருந்து பெற்றோரைப் பார்த்துக்கொள்பவருக்கு, சில நிபந்தனைகளோடு, அவருடைய ஓய்வூதியக் கணக்கில் அந்தக் காப்பீடே பணம் கட்டுகிறது. வேலையை விட்டுவிட்டு அம்மாவுக்குத் துணையாக இருந்த மகளுக்கும் ஒருநாள் வயதாகும் அல்லவா? பெரும்பாலான சமூகங்கள் அவளை மறந்தே போகின்றன.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

என் அம்மா 71 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. பெரிதாக ஒன்றுமில்லை, ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை சரியாகிவிட்டது. சரியாகாமல் போனது எங்களுடைய பயம். அதுவரை வீட்டின் துணிகளை எல்லாம் அம்மாதான் மடித்து அடுக்குவார். காலையில் மாடியிறங்கிப் போய்ச் செய்தித்தாள் எடுத்து வருவார். கட்டுப் போட்டிருந்தபோது இவற்றை நானும் அக்காவும் எடுத்துக்கொண்டோம். கட்டைப் பிரித்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மா எழுந்தாலே, "நீ உட்காரும்மா, நாங்க பார்த்துக்கிறோம்." ஒரு நாளைக்கு எத்தனை முறை இதைச் சொல்லியிருப்போம் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. அத்தனை முறையும் அன்பாகத்தான் சொன்னோம்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மதியம், அம்மா அலமாரியில் அடுக்கியிருந்த துணிகளை எடுத்து உதறிப் போட்டு, திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. "மடிச்சதையே ஏம்மா மடிக்கிறே?" என்று அக்கா சத்தம் போட்டாள். எங்களுக்கு மறதிநோய் பயம் வந்துவிட்டது. மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் நிதானமாகப் பேசினார், தேதி கேட்டார், கணக்கு கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். கடைசியில், மடித்த துணியை ஏன் மறுபடி மடிக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா எங்களைப் பார்க்காமல் அவரிடம் மட்டும் சொன்னார்: "வேற வேலை தர மாட்டேங்கிறாங்க டாக்டர்."

அப்புறம் அவர் ஒரு சின்னச் சோதனை செய்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். அம்மாவால் ஒரு முறைகூட முடியவில்லை. மறதி எதுவும் இல்லை, தொடையில் சதை போய்விட்டது, அவ்வளவுதான் என்றார். நாங்கள் உட்கார வைத்தே போக்கிய சதை அது.

மிகையாகச் சொல்வதாக நினைக்கிறீர்களா? 2007-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. சராசரியாக 67 வயதான, நோய் எதுவும் இல்லாத 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். பத்தே நாளில் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ சதை குறைந்துவிட்டது. இன்னோர் ஆய்வு 1990-இல், மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் செய்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேரை எட்டு வாரம் கால்களால் எடை தூக்க வைத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களுக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! உங்கள் அப்பாவுக்கு 79 என்று எழுதியிருக்கிறீர்கள்.

விழுந்துவிடுவாரே என்பீர்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். விழுவது சாதாரண விஷயம் இல்லைதான். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், அதிகமும் வயதானவர்கள். ஆனால் விழாமல் காப்பது எது? பலமான கால், குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் ஒரு விளக்கு, சரியான கண்ணாடி, தலைச்சுற்றல் தரும் மாத்திரையைப் பார்த்துக் குறைக்கும் மருத்துவர். நாற்காலி காப்பாற்றாது. நாற்காலியில் இருந்த என் அம்மாதான் இரண்டாவது முறை விழுந்தார், கழிப்பறைக்குப் போகும் ஆறு தப்படி தூரத்தில். இந்த முறை இடுப்பெலும்பு. பதினான்கு மாதங்கள் படுக்கை. அதைப் பற்றி இங்கே எழுத முடியவில்லை.

உடம்பு மட்டும் இல்லை. 1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்று செய்து பார்த்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் வாழ்க்கைக்கு நீங்களே பொறுப்பு என்று சொல்லி, விருப்பப்பட்ட செடியை எடுத்துக்கொண்டு வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது தாதியரின் வேலை என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்துக்காரர்கள் மேலும் சுறுசுறுப்பாக, மேலும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். இரண்டு தளத்திலும் செடி இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

சமூகம் என்ன செய்ய வேண்டும் என்றுதானே கேட்டீர்கள். டென்மார்க்கில் ஃபிரடெரிசியா என்ற நகராட்சி 2008-இல் ஒரு மாற்றம் செய்தது. வயதானவர் ஒருவர் வீட்டுவேலைக்கு உதவி கேட்டு வந்தால், உடனே ஓர் ஆளை அனுப்பி வேலையைச் செய்து கொடுத்துவிடுவதுதான் பழைய வழக்கம். அதை மாற்றி, எந்த வேலையை மறுபடி நீங்களே செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று முதலில் கேட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். முடியாதவருக்கு உதவி எப்போதும் போலக் கிடைத்தது. 2015 முதல் நாடு முழுக்க நகராட்சிகள் இப்படிப்பட்ட பயிற்சிக்கு வழி செய்ய வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நான் கேட்பது இதைத்தான். வீட்டிலும் இதுவே, அரசாங்கத்திலும் இதுவே. அந்தக் கேள்வியை நாங்கள் அம்மாவிடம் ஒருநாள் கேட்டிருந்தால் போதும்.

தெருவும் இதில் சேர்த்தி. கால் பலத்தோடு அப்பா வெளியே வந்தால் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும், உடையாத நடைபாதை வேண்டும், சாலையைக் கடக்கப் போதுமான நேரம் வேண்டும். சிங்கப்பூரில் 2009 முதல், முதியவர் தன் முதியோர் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரிகிறது. அந்தச் சில நொடிகள் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ.

நீங்கள் அப்பாவின் மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜா மாதிரி வைத்திருக்க வேண்டாம். மின்விசிறியைக் கழற்ற அவரை ஏணியில் ஏற்றச் சொல்லவில்லை. ஏணியில் நீங்கள் ஏறுங்கள், கழற்றி இறக்குங்கள், கீழே மேசையில் வைத்துப் பிரித்துப் பார்ப்பது அவர் வேலையாக இருக்கட்டும். கை நடுங்கும், திருகாணி உருண்டு போகும், ஒரு மணி நேர வேலை ஒரு நாள் இழுக்கும். இழுக்கட்டும். நடுவில் எடுத்துச் செய்து கொடுத்துவிடாதீர்கள்.

இந்த வாரமே அந்தக் கருவிப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எழுந்து பத்தடி நடந்து போய் எடுக்கிற இடத்தில் வையுங்கள்.