கைரேகைச் சட்டம்: கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலைதானே? கைரேகைச் சட்டம் என்கிற குற்றப் பரம்பரைச் சட்டத்தில் மட்டும் என்ன தனிக் கொடுமை?

திருடனைத் தண்டிக்க 1860-லேயே இந்தியத் தண்டனைச் சட்டம் வந்துவிட்டது தம்பி. இது வேறு. 1871-இல் வடக்கே பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கூட்டத்தையே குற்றப் பரம்பரை என்று அரசிதழில் அறிவித்தால் போதும், அதில் பிறந்தவன் திருடினானா என்ற கேள்வியே கிடையாது. ரேகை வை, பதிவு செய், அவ்வளவுதான். அந்த அறிவிப்பு தவறு என்று எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். கொலைகாரனுக்குக்கூட வாதாட வாய்ப்பு உண்டு, இவர்களுக்கு இல்லை.

செக்கானூரணியிலிருந்து: எங்கள் தாத்தா காலத்தில் ராத்திரி சாவடியில் படுத்தார்களாமே?

ஆமாம். 1914-இல் மதுரைப் பக்கம் கீழக்குயில்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் எல்லார் மேலும் சட்டம் பாய்ந்தது. பதிவான ஆண்கள் இரவில் போலீஸ் நிலையத்திலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவனுக்கும், பிரசவ வலியில் பெண்டாட்டி கிடப்பவனுக்கும் அதே விதி.

காவல்காரர்கள் கள்வர் ஆனது எப்படி?

ஊர்க்காவலுக்குக் கூலி வாங்கி வாழ்ந்தவர்கள் பிரமலைக் கள்ளர்கள். வெள்ளையர் போலீஸ் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. திருட்டு மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி வாங்கியவர்களும் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். அதற்காகப் பிறந்த குழந்தை வரை பழி சுமத்துவது எந்த ஊர் நியாயம்?

பெருங்காமநல்லூரில் நடந்தது என்ன?

1920 ஏப்ரல் 3. ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே நின்றது. போலீஸ் சுட்டது. செத்தவர்கள் 16 பேர். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காளும் அதில் ஒருவர். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

யாருமே எதிர்த்துப் பேசவில்லையா?

மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் பேசினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். அப்புறம் முத்துராமலிங்கத் தேவர் பெரிய அளவில் போராடினார்.

சட்டம் எப்போது ஒழிந்தது?

சென்னை மாகாணத்தில் 1947-இல், நாடு முழுக்க 1952-இல். ஆனால் 1948-லேயே இங்கே திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களைக் கட்டுப்படுத்த இன்னொரு சட்டம் வந்துவிட்டது. அது தனி ஆள் மேல் போடுவது, கூட்டத்தின் மேல் அல்ல.