ஹீமோபீலியா உள்ளவருக்கு மாற்றிய மூட்டில் வீக்கம்: ரத்தக்கசிவா, கிருமித்தொற்றா?

ஹீமோபீலியா (ரத்தம் சரியாக உறையாத பிறவிக் குறைபாடு) உள்ள தங்கள் அண்ணன், காரைக்குடி வீட்டின் உயரப் படிகளில் ஏற முடியாமல் முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு 3 ஆண்டுகள் ஆன பின் வந்த வீக்கத்தை, மருத்துவர் ஏன் கிருமித்தொற்று எனச் சந்தேகிக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சந்தேகம் நியாயமானதே.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான உறைதல் காரணி 8 அல்லது 9 குறைந்த இவர்களுக்கு மூட்டில் தேங்கும் ரத்தமே கிருமி பெருக இடமாகிறது. அதோடு, முற்றத்தில் உட்கார்ந்து ஸ்பிரிட் பஞ்சால் அவசரமாக ஒருமுறை துடைத்துவிட்டுக் குறையும் காரணியை ஈடுசெய்யும் ஊசியை ரத்தக்குழாயில் போட்டுக்கொள்ளும்போது, தோலிலுள்ள ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்து செயற்கை மூட்டில் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

கசிவிலும் தொற்றிலும் முழங்கால் ஒரே மாதிரிதான் சூடாகி வீங்கும். காரணி செலுத்தியும் வற்றாத வீக்கமென்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், காரணி ஏற்றிக்கொண்டு மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும்) பரிசோதனை செய்ய வேண்டும்; அதற்கு முன் தாமாக ஆன்டிபயாடிக் விழுங்கினால் கிருமி அகப்படாமல் போகலாம்.