ஆகஸ்டிலேயே ஏன் இந்தப் பேச்சு? கொலம்பஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸுக்கு வேலைக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகமே கல்லூரி ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) பற்றிப் பேசுகிறது, முதல் ஆட்டமோ 2025 ஆகஸ்ட் 30-ஆம் தேதிதான், நடக்காத ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு, ஒன்றும் புரியாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்துவிடுகிறேன், இதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் தனியாகப் போய் உட்காராதீர்கள். இந்த ஊரில் புது ஆள் ஒருவர் பேச்சில் கலந்துகொள்ள ஆகஸ்ட் மாதத்தைப் போல நல்ல நேரம் கிடையாது. இப்போது யாருக்கும் எதுவும் தெரியாது, அதுதான் காரணம். போன வருட அணி கலைந்துவிட்டது, புது அணி இன்னும் களத்தில் இறங்கவில்லை, நாற்பது வருடமாகப் பார்க்கிறவரும் ஊகம்தான் செய்துகொண்டிருக்கிறார். இப்போது ஒரு கேள்வி கேட்டால் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்வார்கள், செப்டம்பர் பிறந்துவிட்டால் அந்தப் பொறுமை இருக்காது.

நான் வந்தது 2006 ஜூனில். அந்த நவம்பர் 18 என் மகளுக்கு முதல் பிறந்தநாள், சனிக்கிழமை வேறு. தெருவில் ஐந்து வீடுகளுக்கும் போய் மாலை நான்கு மணிக்குக் கேக் வெட்டுகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், யாரும் மறுக்கவில்லை. அன்றைக்கு காலையிலிருந்து கேசரியும் பஜ்ஜியும் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் நான்கு மணி, ஐந்து மணி, தெருவில் ஒரு நடமாட்டம் இல்லை, ஒரு கார் போகவில்லை. வந்த புதிதில் நம் மனம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நிறத்தைப் பார்க்கிறார்களோ, நாம் எதுவும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என்னென்னவோ நினைத்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதுவிட்டேன்.

இரவு ஏழரைக்குக் கதவு தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும், அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள். எல்லோரும் சிவப்புச் சட்டை. அன்று நம் ஊர்ப் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட்டுக்கும், பரம எதிரியான பக்கத்து மாநிலத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். இரண்டு அணியும் அதுவரை தோற்காதவை, நாட்டில் முதல் இடமும் இரண்டாம் இடமும். 42-39 என்று நம் ஊர் ஜெயித்திருக்கிறது. அதற்கு முந்தைய நாள்தான் மிச்சிகனின் பழைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் இறந்துபோயிருந்தார், ஒரு காலத்தில் ஒஹாயோ ஸ்டேட்டில் தலைமைப் பயிற்சியாளர் வுடி ஹேஸிடம் உதவிப் பயிற்சியாளராக வேலை கற்றவர். எதிரணிக்காரர் போய்விட்டார் என்று சொல்லும்போது பெரியவருக்குக் குரல் அடைத்தது. கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்கு முதல் முறையாக இது வெறும் விளையாட்டு இல்லை என்று பட்டது.

அடுத்த ஆகஸ்டிலிருந்து எனக்குப் பாடம் ஆரம்பித்தது. சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் இரண்டு மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, பழைய ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயிற்சிச் செய்திகள் ஓடும். நான் குழந்தையோடு போய் உட்காருவேன். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பக்கை (Buckeye) மரத்து விதை கிடக்கும், நம் ஊர் புளியங்கொட்டையை மூன்று மடங்கு பெரிதாக்கினாற்போல, தேய்த்துத் தேய்த்து மினுமினுவென்று, கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிறிய வட்டம். ஆண்மானின் கண் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர், ஆங்கிலத்தில் பக் என்றால் ஆண்மான், ஐ என்றால் கண். அணிக்கும் இந்த மாநிலத்துக்காரர்களுக்கும் அதுவே பெயர். (மரத்தடியில் கிடக்கிறது என்று யாரும் கடித்துப் பார்க்காதீர்கள், விஷம். கடைகளில் அதே பெயரில் விற்கிற வேர்க்கடலை வெண்ணெய்ச் சாக்லேட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம்.)

ஆட்டத்தின் அடிப்படை ஐந்து நிமிட விஷயம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி, கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. இது போதும், மற்றது பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

சரி, இப்போது என்ன பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்கிறேன். போன வருடம், 2024 நவம்பர் 30 அன்று நம் ஊரிலேயே மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றோம், தொடர்ந்து நான்காவது வருடமாக. அன்று ராத்திரி இந்த ஊர் இருந்த இருப்பை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது. பயிற்சியாளர் ரையன் டேயை அனுப்பிவிட வேண்டும் என்று பேசாத வாய் இல்லை. ஆனால் முதல் முறையாகப் பன்னிரண்டு அணிகள் ஆடிய பிளே-ஆஃபில், அதாவது பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளில், இடம் கிடைத்தது, டென்னசி, ஒரேகான், டெக்சஸ் என்று ஒவ்வொன்றாக வீழ்த்தி, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேமை 34-23 என்று தோற்கடித்து நாட்டின் பட்டத்தையே கொண்டுவந்தார்கள். டெக்சஸ் ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் ஜாக் சாயர், இங்கே பக்கத்துப் பிக்கரிங்டன் பையன், எதிரணி குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரை, சாய்த்துப் பந்தைப் பிடுங்கி 83 கெஜம் ஓடினான். அன்றைக்கு என் வீட்டுக் கூடத்தில் நின்றவர்கள் யாரும் உட்காரவில்லை.

அதே டெக்சஸ்தான் இந்த ஆகஸ்ட் 30 இங்கே வருகிறது. அவர்களுக்குக் குவார்ட்டர்பேக் ஆர்ச் மானிங், பேர்பெற்ற பழைய குவார்ட்டர்பேக்குகள் பேட்டன் மானிங், ஈலை மானிங் இருவரின் அண்ணன் மகன். நமக்கு யார் என்பதுதான் உங்கள் அலுவலகத்தில் நடக்கிற சண்டை. ஜூலியன் சாயினா, லிங்கன் கீன்ஹோல்ஸா என்று பயிற்சியாளர் இன்னும் அறிவிக்கவில்லை. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஆள் யார் என்றே தெரியாமல் ஒரு ஊர் காத்திருக்கிறது என்றால் பேசாமல் எப்படி இருப்பார்கள்? பந்தைப் பிடிக்க ஜெரமையா ஸ்மித் இருக்கிறான், முதல் வருடத்திலேயே 15 டச்டவுன், அது ஒன்றுதான் எல்லோருக்கும் நிம்மதி.

இந்த மாதம் நடக்கும் பயிற்சிக்குப் பெயர் ஃபால் கேம்ப், நடப்பது கொளுத்தும் வெயிலில். முதல் சில நாட்கள் ஹெல்மெட் மட்டும், அப்புறம் தோள்கவசம், அதற்கும் பிறகுதான் முழுக் கவசம். உடம்பு வெயிலுக்குப் பழக வேண்டும் என்பதற்கான விதி. 2018-இல் மேரிலாண்டில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயதுப் பையன் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் விழுந்து இறந்துபோனான், அதற்குப் பிறகு பெற்றவர்கள் யாரும் இந்த மாதத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அணிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவனின் ஹெல்மெட்டிலும் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டிவிடுவார்கள். பள்ளியில் பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி, வேறு கல்லூரியிலிருந்து பேரோடு வந்தாலும் சரி, பட்டை உண்டு. பயிற்சியில் உழைத்துக் காட்டி, இவன் நம் ஆள் என்று ஆன பிறகு, எல்லோர் முன்னாலும் வைத்து அதை உரித்து எடுப்பார்கள், அவன் நின்று நன்றி சொல்லிப் பேசுவான். அர்பன் மையர் பயிற்சியாளராக வந்த 2012-இல் தொடங்கியது. ஆகஸ்டில் யாருக்குப் பட்டை எடுத்தார்கள் என்பது இங்கே பெரிய செய்தி. ஆட்டங்கள் தொடங்கிய பிறகு நன்றாக ஆடுகிறவன் ஹெல்மெட்டில் பக்கை இலை ஒட்டுவார்கள், இது 1968-இலிருந்து. நவம்பரில் இலை மூடிய ஹெல்மெட்டைத்தான் எல்லோரும் படத்தில் பார்த்திருப்பார்கள், வெறும் வெள்ளி நிறத்தில் மொட்டையாக இருப்பதைப் பார்க்க இப்போதுதான் முடியும்.

எனக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். மாமா காளை வளர்த்தார். வாடிவாசல் தை மாதம்தான், ஆனால் கார்த்திகையிலேயே கண்மாயில் நீச்சல் விடுவார், மண்ணைக் குத்தப் பழக்குவார், பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அளந்து வைப்பார். சாயங்காலமானால் கரையில் பத்துப் பேர் உட்கார்ந்து இந்த வருடம் எந்தக் காளை நின்று விளையாடும், எது பிடிபடும் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். பொங்கலன்று நடந்ததை விட அந்தக் கரைப் பேச்சுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. பெரியவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு அந்தக் கரைதான் தெரிந்தது.

மாறியதும் இருக்கிறது, மறைக்கவில்லை. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேராகப் பணம் தரலாம், முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. வருடா வருடம் பையன்கள் அணி மாறுகிறார்கள், பெயர் மனதில் பதிவதற்குள் போய்விடுகிறார்கள் என்று பெரியவருக்கு வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. இத்தனை ஆயிரம் பேர் இவர்களை வைத்துச் சம்பாதித்தபோது அடிபட்டவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லாமல் இருந்ததுதான் எனக்கு நியாயமாகப் படவில்லை.

டிக்கெட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டெக்சஸ் ஆட்டத்துக்கு முயற்சி செய்யாதீர்கள், முதல் மாதச் சம்பளத்தில் அது வேண்டாம். செப்டம்பர் 6 கிராம்ப்ளிங் ஸ்டேட் வருகிறது, லூசியானாவில் உள்ள கறுப்பினத்தவர் கல்லூரி, பயிற்சியாளர் எடி ராபின்சன் 408 வெற்றி கண்ட இடம், அவர்களுடைய பேண்டு உலகப் புகழ் பெற்றது. டிக்கெட் எவ்வளவோ மலிவாகக் கிடைக்கும், லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தையும் பார்த்துவிடலாம். பை எடுத்துப்போவதென்றால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையாக எடுத்துப்போங்கள். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லேன் அவென்யூப் பக்கம் அன்றைக்குக் காரை எடுக்காதீர்கள். அதற்கும் முன்னால், இந்த மாதக் கடைசியில் உங்கள் வீட்டுப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் இருக்கும், சில டாலர்தான், போய் உட்காருங்கள். அங்கே பக்கத்தில் இருப்பவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அப்புறம், நம் ஆட்களோடு சேர்ந்து தீபாவளி விழா வைக்க நினைத்தால் அக்டோபர் 25 பாருங்கள், அந்தச் சனிக்கிழமை நம் அணிக்கு ஆட்டம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களும் வருவார்கள். நவம்பர் 29-ஐத் தொடவே தொடாதீர்கள், அன்று மிச்சிகன்.

அன்று கேக் வெட்டக் காத்திருந்த அந்தக் குழந்தைக்கு இப்போது 19 வயது. ஒஹாயோ ஸ்டேட்டில் படிக்கிறாள், இந்த மாதம் மார்ச்சிங் பேண்டுக்குத் தேர்வு. பித்தளைக் கருவிகளும் தாளக் கருவிகளும் மட்டுமே உள்ள பேண்டு அது, ஏற்கெனவே இருக்கிறவர்களும் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தேர்வாக வேண்டும். நடந்துகொண்டே ஒஹாயோ என்ற பெயரைக் களத்தில் எழுதுவார்கள், 1936-இலிருந்து எழுதுகிறார்கள், கடைசியில் சூசஃபோன் (உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழல்) வாசிக்கிற மூத்த மாணவர் ஒருவர் ஓடி வந்து ஆங்கில ஐ எழுத்துக்குப் புள்ளியாக நிற்பார். அவள் டிரம்பெட். கோடை முழுக்கக் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்காலை இடுப்பு வரை தூக்கி, ஒரே இடத்தில் மிதித்தபடி வாசித்துப் பழகுகிறாள். உதடு வீங்கியிருக்கிறது. பெரியவருக்கு 81 வயது, ரேடியோவை அணைத்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். அவள் முடித்ததும் அங்கிருந்தே ‘ஓ-ஹெச்’ என்று குரல் கொடுக்கிறார், இவள் ‘ஐ-ஓ’ என்கிறாள், ஒஹாயோ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகள். கிடைக்குமா கிடைக்காதா என்று எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

ஆகஸ்ட் 30 பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் தொடக்கம், என் வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, பத்தரைக்கே வந்துவிடுங்கள், வெண்பொங்கலும் மெதுவடையும் உண்டு, பெரியவரும் வருவார். முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். நாளைக்கு மதியம் டிபன் பாக்ஸோடு அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்து, ‘இந்த வாரம் யாருக்குக் கறுப்புப் பட்டை எடுத்தார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். சாப்பாட்டு நேரம் போதாது, கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள்.