இராயன், சீசர், கைஸர்

கேள்வி: ஐயா, எங்கள் தேவாலயத்தில் வாசிக்கும் வேதாகமத்தில் 'அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது' என்று வருகிறது. மகளின் வரலாற்றுப் பாடத்தில் அவரே 'ஒகஸ்டஸ் சீசர்'. சாய்ந்தமருதுத் தோழியோ உரோமப் பேரரசரைக் 'கைஸர்' என்கிறார். உரோமர் தம் பேரரசரை எவ்வாறு அழைத்தனர்?
– வாசகி ஒருவர், கல்முனை

பதில்: பழைய இலத்தீன் உச்சரிப்புக்கு மிக அருகில் நிற்பது உங்கள் தோழியின் சொல்லே. உரோமர் அப்பெயரைக் 'கைசர்' என்றே ஒலித்தனர். 'சீசர்' நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. ஆனால் அது பதவிப்பெயராகப் பிறந்ததன்று, யூலியஸ் சீசரின் குடும்பப் பெயர். பின்னர் ஒகஸ்டஸ் எனப்பட்ட அவருடைய தத்துப்பிள்ளை ஒக்டேவியன் அதை ஏற்றார். அந்தக் குடும்பமே அற்றுப்போன பின்னரும் ஆட்சிக்கு வந்தோர் அதைச் சூடிக்கொண்டனர். நம் பக்கத்தில் 'போடியார்' என்னும் மரியாதைப் பெயர் ஆளின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்; அங்கே ஆளின் பெயரே மரியாதையாயிற்று.

பேரரசர் என்பதற்கு உரோமரிடம் ஒரே சொல் இருக்கவில்லை என்பதே நேரான விடை. மன்னனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' இருந்தது, ஆனால் கி.மு. 509இல் கடைசி மன்னனைத் துரத்தியதாக மரபு கூறும் அந்த மக்களுக்கு அது வெறுப்பூட்டும் சொல். கி.மு. 44 பெப்ரவரியில் யூலியஸ் சீசர் தமக்கு நீட்டப்பட்ட முடிப்பட்டத்தை மக்கள் முன் மறுத்தும், மன்னராக விரும்புகிறார் என்ற ஐயம் தீராமல், அடுத்த மாதமே கொல்லப்பட்டார். அதைக் கண்டிருந்த ஒக்டேவியன், முதல் குடிமகன் என்ற பொருளில் 'பிரின்கெப்ஸ்' என்று அழைக்கப்படுவதையே விரும்பினார். வென்ற தளபதியைப் போர்க்களத்தில் வீரர்கள் வாழ்த்தி அழைக்கும் 'இம்பெராத்தோர்' என்பதைத் தம் பெயரின் முதற்பகுதியாகவே வைத்துக்கொண்டார். உயர் அதிகாரிகளின் ஆணையிடும் உரிமையான 'இம்பேரியும்' என்பதோடு வேர் ஒன்றான சொல் அது. அந்த 'இம்பேரியும்' பிற்காலத்தில் ஆணை செல்லும் நிலப்பரப்பையும் குறித்தது. கி.மு. 27இல் செனற் சபை அவருக்கு அளித்த 'அவுகுஸ்துஸ்' (ஒகஸ்டஸ்) சமயச் சாயல் கொண்டது. நாம் குருமாருக்கு இடும் 'வணக்கத்துக்குரிய' என்பதை ஒத்தது. ஓகஸ்ட் மாதம் அவர் பெயரையே தாங்குகிறது.

இனி 'இராயன்'. அது 'ராஜன்' என்பதன் திரிபு. வடமொழி 'ராஜன்', இலத்தீன் 'ரெக்ஸ்' இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒகஸ்டஸ் வாழ்நாள் முழுதும் தவிர்த்த பட்டத்தையே வேதாகம மொழிபெயர்ப்பு அவர் பெயரோடு ஒட்டிவிட்டது. அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆள்பவனை இராயனாக அறிந்த வாசகருக்கு 'முதல் குடிமகன் கட்டளையிட்டான்' என்று எழுதியிருந்தால் எதுவும் விளங்கியிராது.

கேள்வி: பேரரசியை எப்படி அழைத்தனர்?
– வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: 'அவுகுஸ்தா'. கி.பி. 14இல் தம் கணவர் ஒகஸ்டஸின் மரணசாசனத்தின்படி லிவியா அதைப் பெற்றார். ஆனால் பேரரசரை மணந்த எல்லோருக்கும் அது தானாகவே கிடைத்துவிடவில்லை. மணந்தவர்க்கு மட்டும் உரியதுமன்று, பேரரசரின் தாய்க்கும் சகோதரிக்கும்கூட அது வழங்கப்பட்டதுண்டு.